பெட்டிக்குள் இருப்பது யார்? – 62 குடும்பங்கள் கேட்ட மூன்று கேள்விகள்

துருக்கி நாட்டின் வடகிழக்கே, கருங்கடலை ஒட்டியுள்ள ட்ராப்சோன் நகருக்கு அருகில், 2003 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி அதிகாலை, மூடுபனிக்குள் வந்த விமானமொன்று மலையில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 75 பேரில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. அவர்களுள் 62 பேர் ஸ்பெயின் நாட்டுப் படையினர். ஆப்கானிஸ்தானில் நிலைகொண்டிருந்த சர்வதேசப் படையில் சில மாதங்கள் கடமையாற்றிவிட்டு, தவணை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். எஞ்சிய 13 பேரும் விமானப் பணியாளர்கள். அவர்களில் 12 பேர் உக்ரேனியர், ஒருவர் பெலாரஸ் நாட்டவர்.

போர்க்களத்தில் இருந்து உயிரோடு புறப்பட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று வீட்டார் ஆறுதலடைந்திருந்த வேளையில் இந்தச் செய்தி வந்தது. சாவு வீட்டின் துயரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. சகோதரிகளே, நான் எழுத விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. இறந்தவர்களின் மனைவிமாரும் தாய் தந்தையரும் பிள்ளைகளும் சகோதரரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டார்கள். விமானம் ஏன் விழுந்தது? அந்த விமானத்தில் அவர்களை ஏற்றியது யார்? எங்களுக்குத் தந்த பெட்டிக்குள் இருப்பது யார்? இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து பதில் வரவில்லை. ஒரே வருடத்திலும் வரவில்லை.

"அந்நிய நாட்டுச் சிப்பாய்களின் கதை எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. ஆனால் மூடிய பெட்டியொன்றை வாசலில் இறக்கிவிட்டு, "இது உங்கள் பிள்ளை" என்று சொல்லப்படும்போது, அந்தத் தாய் எந்த நாட்டவள், பிள்ளை எந்த உடுப்பு உடுத்தியவன் என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. பெட்டிகூட வராமல் காத்திருக்கும் பெண்கள் எம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதோவொன்று இருக்கிறது என்று நம்பியே எழுதுகிறேன்.

விமானம் ஏன் விழுந்தது?

யாக்-42 என்பது பழைய சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்ட, மூன்று இயந்திரங்கள் கொண்ட பயணிகள் விமானம். ஸ்பெயின் படையினர் பயணம் செய்தது உக்ரேன் நாட்டு நிறுவனமொன்றின் யாக்-42 இல். ஸ்பெயினின் சரகோசா நகருக்குப் போகும் வழியில், எரிபொருள் நிரப்புவதற்காக அது ட்ராப்சோனில் இறங்க இருந்தது.

படையினரை ஏற்றி வந்தாலும் அது வாடகைக்கு அமர்த்தப்பட்ட சிவில் விமானம். இது முக்கியமான வேறுபாடு. இராணுவத்துக்குச் சொந்தமான விமானம் விழுந்தால், பெரும்பாலும் அந்த நாட்டுப் படையே தனக்குள் விசாரணை நடத்தும். அந்த அறிக்கை வெளியே வரலாம், வராமலும் போகலாம். சிவில் விமானமாயின் சர்வதேச விதிமுறைகள் உண்டு. எந்த நாட்டு மண்ணில் விழுந்ததோ, அந்த நாடே விசாரிக்க வேண்டும். விமானம் பதிவு செய்யப்பட்ட நாடும் அதில் பங்குகொள்ளலாம். ஆகவே துருக்கி விசாரணையை நடத்தியது.

விமானங்களில் "கறுப்புப் பெட்டி" என்று சொல்லப்படும் இரண்டு பதிவுக் கருவிகள் இருக்கும். பெயர்தான் கறுப்பு, தேடி எடுக்க வசதியாகச் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஒன்று விமானத்தின் உயரம், வேகம், திசை போன்றவற்றைப் பதியும். மற்றது விமானிகளின் அறையில் பேசப்படுவதைப் பதியும். இந்த விமானத்தில் பேச்சைப் பதியும் கருவி விபத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே செயலிழந்து போயிருந்தது. அதைத் திருத்தாமலே பறந்துகொண்டிருந்தார்கள். அதனால் கடைசி நிமிடங்களில் விமானிகள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எவருக்கும் கேட்கக் கிடைக்கவில்லை.

கிடைத்த தரவுகளில் இருந்து விசாரணையாளர்கள் வந்த முடிவு இதுதான்: மூடுபனியில் இறங்க முயன்றபோது, தாம் எங்கே நிற்கிறோம் என்ற நிதானத்தை விமானிகள் இழந்துவிட்டார்கள். இறங்குவதற்கான ஒழுங்குமுறையைப் பின்பற்றாமல், அவ்விடத்தில் இருக்க வேண்டிய உயரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். அதனால் மலையில் மோதினார்கள்.

முதலாவது கேள்விக்கு இது பதில். ஆனால் இத்தகைய விபத்து விசாரணையின் நோக்கம், இனி இப்படி நடக்காமல் தடுப்பது மாத்திரமே. குற்றவாளி யார் என்று தீர்ப்பது அதன் வேலையல்ல என்று சர்வதேச விதிகளே சொல்கின்றன. "விமானியின் பிழை" என்ற இடத்தில் கோப்பு மூடப்பட்டிருந்தால் பலருக்கு அது வசதியாக இருந்திருக்கும். குடும்பங்கள் அத்தோடு நிற்கவில்லை.

அந்த விமானத்தில் ஏற்றியது யார்?

பேச்சுப் பதிவுக் கருவி வேலை செய்யாத விமானத்தை ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சு எப்படி அமர்த்தியது? இதைத் தோண்டியபோது தரகர் சங்கிலி ஒன்று வெளிப்பட்டது. அமைச்சு நேரடியாக விமான நிறுவனத்தோடு பேசவில்லை. நேட்டோ அமைப்பின் பராமரிப்பு, விநியோக முகவரகத்தின் ஊடாக ஒரு தரகு நிறுவனத்துக்குப் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அது இன்னொன்றுக்கு, அது மற்றொன்றுக்கு எனக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் உக்ரேனிய நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. ஸ்பெயின் இந்தப் பயணத்துக்குச் செலுத்தியது ஏறத்தாழ 149,000 யூரோ. விமானத்தை உண்மையில் ஓட்டிய நிறுவனத்தின் கைக்குப் போனது 40,000 யூரோவுக்கும் குறைவு. மிச்சம் நடுவில் நின்றவர்களிடம் தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கு இந்தச் சங்கிலி புதிதல்ல. வீட்டை ஈடுவைத்துக் கொடுக்கும் காசு பல கைகளுக்குப் பிரிந்து போகும். ஏதாவது நடந்துவிட்டால் ஒவ்வொரு கையும் அடுத்த கையைக் காட்டும்.

அதைவிட மனதைச் சுடுவது, முன்னெச்சரிக்கை இருந்தது என்பதுதான். இவ்வாறு அமர்த்தப்பட்ட விமானங்களின் நிலைமை பற்றிப் படையினரே முன்னர் முறைப்பாடு செய்திருந்தார்கள். இத்தகைய விமானங்களை அமர்த்துவதில் ஆபத்து அதிகம் என்று இராணுவப் புலனாய்வு அறிக்கையொன்றும் விபத்துக்குச் சற்று முன்னர் எச்சரித்திருந்தது. இறந்தவர்களில் ஒருவர், தாங்கள் ஏற்றப்படும் விமானங்களின் சீர்கேடு பற்றி மின்னஞ்சலில் எழுதியிருந்தார். சாதாரணக் கடிதமாக வந்த அந்த எழுத்து, பின்னர் நாடே பேசும் சான்றாக மாறியது. அது அழிக்கப்படாமல் இருந்ததால்தான் அப்படி மாறியது.

பெட்டிக்குள் இருப்பது யார்?

விபத்து நடந்து இரண்டே நாட்களில், மே 28 ஆந் திகதி, மட்ரிட் நகருக்கு அருகிலுள்ள டொரெஹோன் விமானத்தளத்தில் அரச மரியாதையுடன் இறுதிக் கிரியை நடந்தது. 62 பெட்டிகள், 62 பெயர்கள். அரசரும் அமைச்சர்களும் நின்றார்கள். வீட்டார் தத்தம் பெட்டியைப் பொறுப்பேற்றுக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் துருக்கியில் நடந்தது வேறு. அங்கே 32 உடல்களே அடையாளம் காணப்பட்டிருந்தன. மற்றைய 30 உடல்களுக்கும் பெயர் இல்லை, இலக்கம் மாத்திரமே இருந்தது. அடையாளம் காணப்படவில்லை என்று எழுதப்பட்ட பத்திரத்தோடுதான் துருக்கி வைத்தியர்கள் அவற்றை ஒப்படைத்தார்கள். பொறுப்பேற்ற ஸ்பெயின் இராணுவ வைத்தியக் குழுவோ, சில மணி நேரத்துக்குள் அந்த 30 உடல்களுக்கும் 30 பெயர்களை எழுதிவிட்டது. உடல்களைக் கொண்டுவந்து கிரியையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் மேலோங்கி நின்றது.

குடும்பங்களுக்குச் சந்தேகம் சிறுகச் சிறுகத்தான் வந்தது. சிலர் துருக்கிக்குப் போய் மலையைப் பார்த்தார்கள். தங்கள் உறவுகளின் உடைமைகள் அங்கே கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டார்கள். இரண்டு நாட்டுப் பத்திரங்களையும் ஒப்பிட்டபோது கணக்கு ஒத்துவரவில்லை. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஃபெடெரிக்கோ த்ரில்லோ. அடையாளம் காண்பதில் பிழையில்லை என்ற பதிலே அவருடைய காலத்தில் கிடைத்தது.

ஒரு காரியம் மட்டும் இவர்களுக்குக் கைகொடுத்தது. அடையாளம் காணப்படாத உடல்களில் இருந்து மரபணு மாதிரிகளை எடுத்துத் துருக்கி வைத்தியர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2004 இல் ஆட்சி மாறிய பின், வீட்டாரின் இரத்த மாதிரிகள் அவற்றோடு ஒப்பிடப்பட்டன. கல்லறைகள் திறக்கப்பட்டன. முடிவு வந்தது. பெயரில்லாமல் வந்த அந்த 30 பேரும் பிழையான பெயரில் அடக்கப்பட்டிருந்தார்கள். ஒன்றரை வருடமாகப் பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி அழுத கல்லறையில் வேறொரு தாயின் பிள்ளை இருந்திருக்கிறான். 2004 ஆம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் அவர்கள் தத்தம் வீட்டாரிடம் சேர்ந்தார்கள்.

எங்கள் நாட்டிலும் மூடிய பெட்டி பற்றி ஒரு சிங்களத் திரைப்படம் உண்டு. பிரசன்ன விதானகே 1997 இல் இயக்கிய "புரஹந்த களுவர" தான் அது. போரில் இறந்ததாகச் சொல்லி முத்திரையிட்டு அனுப்பப்பட்ட மகனின் பெட்டியைப் பார்வையற்ற தகப்பன் நம்ப மறுக்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே மகன் இல்லை. அந்தப் படத்தைத் திரையிட 2000 ஆம் ஆண்டில் அரசு தடை போட்டது. நீதிமன்றம் போய்த்தான் அது திரைக்கு வந்தது. தெற்கில் ஒரு தகப்பனின் மனம் பட்ட பாடும், வடக்கில் எங்கள் தாய்மார் பட்ட பாடும், ஸ்பெயினில் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீர்ப்பும் மன்னிப்பும்

2009 மே மாதம் ஸ்பெயின் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பத்திரங்களைப் பொய்யாக எழுதிய குற்றத்துக்காக, வைத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜெனரலுக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனையும், அவருக்கு உடந்தையாக இருந்த இரு வைத்திய அதிகாரிகளுக்கு 18 மாதத் தண்டனையும் விதிக்கப்பட்டன. ஜெனரல் பின்னர் காலமானார். மற்ற இருவருக்கும் 2012 இல் அரசு பொதுமன்னிப்பு வழங்கியது. விமானத்தை அமர்த்தியது பற்றிய குற்றவியல் வழக்கில் எவரும் தண்டனை பெறவில்லை. அமைச்சராக இருந்தவர் பின்னர் லண்டனுக்குத் தூதுவராகப் போனார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். குடும்பங்கள் மீண்டும் மனுச் செய்தன. அரசுக்கு ஆலோசனை கூறும் உயர் அமைப்பான அரச ஆலோசனைச் சபை அதை ஆராய்ந்தது. ஆபத்தைக் காட்டும் அறிகுறிகள் முன்பே இருந்தன, அவற்றைக் கவனித்திருக்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சுக்கு இதில் பொறுப்பு உண்டு என்று அச்சபை முடிவு சொன்னது. அது வெளியான 2017 ஜனவரியில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மரியா டொலொரெஸ் டி கொஸ்பெடால் குடும்பங்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பாராளுமன்றத்தில் அரசின் பெயரால் மன்னிப்பும் கேட்டார். தூதுவரும் அதே மாதத்தில் பதவியில் இருந்து விலகினார்.

விபத்து நடந்து 13 வருடமும் ஏழு மாதமும் கழித்து வந்த வார்த்தை அது. அதற்கிடையில் பெற்றோர் சிலர் கண்மூடியிருப்பார்கள். கைக்குழந்தைகள் பள்ளிப் பருவத்தைக் கடந்திருப்பார்கள். அந்த வார்த்தையால் ஒருவரும் உயிர்த்தெழவில்லை. ஆனாலும் "உங்கள் கேள்வி சரியானது" என்று அரசே சொல்லக் கேட்பது வேறு. "துக்கத்தில் ஏதோ பேசுகிறார்கள்" என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

எமது கடலும் எமது துணிகளும்

1998 செப்ரெம்பர் 29 ஆந் திகதியை யாழ்ப்பாணத்துப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் இரணைதீவுப் பக்கமாகக் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் எம்மவர்கள். 2012 இல் தான் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டன. அடுத்த வருடம் வெளியே எடுக்கப்பட்டன. 2014 ஜனவரியில், கடலில் இருந்து எடுத்த உடுப்புகளும் பொருட்களும் உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்புநீரில் கிடந்த துணியில் தன் பிள்ளையைத் தேடுவது எவ்வளவு கொடுமை!

துணியும் செருப்பும் மோதிரமும் குறிப்புகள்தான். அவை மாத்திரம் போதிய சான்றாகா. ஒருவரின் சேர்ட்டை இன்னொருவர் போட்டிருக்கலாம். பேரனர்த்தங்களில் இறந்தவர்களை அடையாளம் காணச் சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்ரபோல் மூன்றையே முதன்மையாகக் கொள்கிறது: கைவிரல் அடையாளம், பற்கள், மரபணு. பற்களும் எலும்பும் நீண்ட காலம் நிலைத்து நிற்பவை. வருடங்கள் கழிந்தும் அவற்றில் இருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முடிகிறது.

நாம் செய்து வைக்கக்கூடியவை

காணாமற் போனோர் தொடர்பான படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நான் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். கையில் ஒரேயொரு படத்தோடு வருவார்கள். முன்னர் எங்கெங்கே பதிந்தீர்கள் என்று கேட்டால், "எல்லா இடமும் குடுத்தனான் பிள்ளை" என்பார்கள். துண்டு கேட்டால் இடப்பெயர்வில் போய்விட்டது என்பார்கள். அதில் அவர்களுடைய குற்றம் எதுவுமில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் கடதாசியையா கட்டிக்கொண்டு ஓடுவார்கள்? ஆனால் இப்போது இருந்தாவது சிலவற்றைச் செய்து வைக்கலாம்.

ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் உறவு பற்றிய விபரங்களை எழுதுங்கள். உயரம், வயது, எந்தப் பல் கழற்றியது, எந்தப் பல் அடைத்தது, எப்போது கை கால் முறிந்தது, எந்த ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தது, உடம்பில் குண்டுச் சன்னம் தங்கியிருந்ததா என்பவை எல்லாம் உதவும். எக்ஸ்ரே படமோ கிளினிக் கொப்பியோ இருந்தால் எறியாதீர்கள். பல் தெரியச் சிரிக்கும் படம் இருந்தால் அதன் பிரதியையும் வைத்திருங்கள்.

மரபணுவைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்திருப்பது நல்லது. பிள்ளைக்கு அதில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது. ஆகையால் தாய், தகப்பன், சொந்தப் பிள்ளைகள் ஆகியோரின் மாதிரியே மிகவும் பயன்படும். சகோதரருடையதும் உதவும். கணவன் மனைவிக்கிடையே இரத்த உறவு இல்லாதபடியால், கணவனைத் தேடும் பெண் தன் மாதிரியை மட்டும் கொடுத்துப் பயனில்லை. அவருடைய தாயினதோ பிள்ளைகளினதோ மாதிரி வேண்டும். தாய்வழியாக மாத்திரம் வரும் ஒருவகை மரபணுவும் உண்டு. தாய் இல்லாத இடத்தில், தாயின் கூடப்பிறந்தவர்கள் அதற்கு உதவலாம். வயோதிபத் தாய்மார் எம்மிடையே வருடந்தோறும் மறைந்துகொண்டிருப்பதால் இது அவசரமான விடயம்.

பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என எங்கே பதிந்திருந்தாலும், பதிவு இலக்கத்தையும் திகதியையும் அதே கொப்பியில் எழுதுங்கள். கையொப்பம் கேட்டால் வாசித்த பின் வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பிரதி கேட்டு வாங்குங்கள். கொப்பியில் இருப்பதைப் படம் பிடித்து, வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, தனியே போகாதீர்கள். ஸ்பெயினில் ஒரு குடும்பம் மட்டும் கேட்டிருந்தால், "உங்கள் பெட்டியில் பிழையில்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சேர்ந்து இருந்து பத்திரங்களை ஒப்பிட்டதால்தான் 30 என்ற கணக்கு வெளியே வந்தது. தன் பெட்டி சரியானது என்று தெரிந்த குடும்பங்களும், மற்றவர்களுக்காகத் தொடர்ந்து வந்தன. ஒரே கிராமத்தில் ஐந்து பெண்கள் மாதத்தில் ஒருநாள் கூடி, கொப்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். ஒருத்திக்கு மறந்த திகதி மற்றவளுக்கு ஞாபகம் இருக்கும். வரும் மாதத்திலேயே தொடங்குங்கள்.